ஆந்தை இறகா, எந்த ஆந்தை? இறகைக் கொண்டு இனம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே கிடந்த இறகு ஒன்றை எடுத்ததும் பெரும்பாலானோர் செய்வது, நிறத்தைப் பார்த்துவிட்டு இணையத்தில் படம் தேடுவது. பழுப்பில் பட்டை போட்ட இறகு நூற்றுக்கணக்கான பறவைகளுக்கு உண்டு. அதனால் அரை மணி நேரத்தில் நான்கு பதில்கள் கிடைக்கும், நான்கும் சரி என்றே தோன்றும். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் அமைப்பு, அடுத்து உடலில் அது இருந்த இடம், பிறகு அளவு, அதன் பின்னரே கோலம். இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் விடை தவறும்.

1. தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, நாட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆந்தைகள் பாதுகாக்கப்பட்டவை. மயில் தோகைக்கு உள்ள விலக்கு ஆந்தை இறகுக்கு இல்லை. உங்கள் நாட்டு விதி தெரியாவிட்டால் படம் எடுத்து, அளந்து, இறகை அங்கேயே விட்டுவிடுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை இறகு கிடந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

அடுத்து, இறகை நகர்த்தாமல் ஒரு படம். தனியாகக் கிடந்ததா, கூட்டமாகவா? மேலே என்ன மரம், என்ன கட்டடம்? பக்கத்தில் வெள்ளை எச்சமோ, ஆந்தை உமிழ்ந்த, எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டைகளோ உண்டா? இறகைக் கையில் எடுத்தபின் இவை யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் முடிவில் இரண்டு இனங்களுக்கு நடுவே தடுமாறும்போது கைகொடுப்பவை இவைதான்.

ஒற்றை இறகு என்றால் பெரும்பாலும் இயல்பாக உதிர்ந்தது. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து இறகுகள் என்றால் ஏதோ ஒன்று அந்தப் பறவையைத் தின்றிருக்கிறது. காம்புகள் (இறகின் அடியில் இழையில்லாத வெற்றுப் பகுதி) முழுதாக இருந்தால் வேட்டைப் பறவை பிடுங்கியது. காம்பு கடித்து முறிந்திருந்தால் பாலூட்டியின் வேலை. கூட்டமாகக் கிடப்பது உங்களுக்கு நல்லதுதான், ஒரே பறவையின் பல இடத்து இறகுகள் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒரே பறவையுடையவை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆந்தை தன் இரையைப் பிய்த்த இடத்தில் இரையின் இறகும் ஆந்தையின் இறகும் கலந்து கிடப்பதுண்டு.

2. தேவையானவை

30 செ.மீ. அளவுகோல், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புத் தாள், பென்சில், காகித உறை, கையுறை. பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கறுப்புத் தாள் எதற்கு என்று பலர் கேட்பார்கள். வெளிறிய இறகின் விளிம்பு வெள்ளைத் தாளில் காணாமல் போய்விடும். ஆந்தையைக் காட்டிக்கொடுப்பதே அந்த விளிம்புதான்.

பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மற்ற நேரத்திலும் முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

இறகு நனைந்திருந்தால் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். நிழலில் முழுதாக உலரவிட்டு, காம்பிலிருந்து நுனி நோக்கி விரலால் மெதுவாக நீவி இழைகளைச் சேருங்கள். ஈரத்தில் மேற்பரப்பின் மென்மை படிந்துபோய் ஆந்தை இறகும் பருந்து இறகுபோலத் தோன்றும். மழைக்குப் பிறகு எடுத்த இறகை ‘ஆந்தை இல்லை’ என்று ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் பிழை.

3. இது ஆந்தையுடையதுதானா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பெரிய இறகு ஒன்றில் பார்க்க வேண்டியவை மூன்று.

மேற்பரப்பு: ஆந்தையின் பறக்கும் இறகுகளின் மேற்பரப்பில், குறிப்பாக இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்ப்படலம் உண்டு. விரல் நுனியால் தடவினால் வெல்வெட்டைத் தொடுவதுபோல இருக்கும். ஒரு இறகு இன்னொன்றின்மேல் உரசும்போது எழும் ஓசையை இது குறைக்கிறது. பருந்து, வல்லூறு இறகுகளைத் தடவினால் வழுவழுப்பும் ஒரு விறைப்பும் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்தால் மினுங்கும். ஆந்தை இறகு ஒளியை விழுங்கி மங்கலாகவே இருக்கும்.

பின்விளிம்பு: தண்டின் (இறகின் நடுவே ஓடும் கோல்) அகலமான பக்கத்தின் ஓரத்தைக் கறுப்புத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். ஆந்தையில் அந்த ஓரத்து இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளாமல் குஞ்சமாகத் தொங்கும். மற்றப் பறவைகள் பெரும்பாலானவற்றில் ஓரம் வெட்டினாற்போல நேராக இருக்கும்.

முன்விளிம்புச் சீப்பு: இதுதான் பேர்போன அடையாளம், குழப்பமும் இதில்தான் அதிகம். சிறகின் நுனிப்பக்கத்து நீண்ட இறகுகளே முதன்மை இறகுகள்; அவற்றில் வெளிக்கோடியில் உள்ளதன் குறுகிய பக்க ஓரத்தில், இழைகளின் நுனி பிரிந்து வளைந்து வரிசையாகப் பற்கள்போல நிற்கும். கைலென்ஸில் தெளிவாகத் தெரியும். நுனியிலிருந்து காம்பு நோக்கி விரலை ஓட்டினால் தட்டுப்படும்.

சீப்பு தெளிவாக இருந்தால் ஆந்தை என்று எடுத்துக்கொள்ளலாம். சீப்பு இல்லை என்பதால் ஆந்தை இல்லை என்று சொல்ல முடியாது. காற்றை நேராக எதிர்கொள்ளும் விளிம்பில் மட்டுமே அது இருக்கும்: வெளிக்கோடி இறகில் நீளவாக்கில், அடுத்துள்ள ஓரிரு இறகுகளில் நுனிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில். உள்பக்கத்து முதன்மை இறகுகள், இரண்டாம்நிலை இறகுகள் (முதன்மை இறகுகளுக்கும் உடலுக்கும் இடையே உள்ளவை), வால் இறகுகள் எதிலும் தேடாதீர்கள். ஒரு சிறகில் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட பறக்கும் இறகுகளில் சீப்புள்ளவை சிலவே. உங்களுக்குக் கிடைத்தது மற்றவற்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விலக்கும் உண்டு. மீன் பிடிக்கும் ஆந்தைகளில் இந்தச் சீப்பு இல்லை அல்லது மிக மங்கல். மேற்பரப்பு மென்மையும் குறைவு. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை கேட்கப்போவதில்லை, ஓசையடக்கம் அதற்குத் தேவையில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பகலிலும் வேட்டையாடும் சில சிறு ஆந்தைகளில் சீப்பு சிறுத்திருக்கும்.

ஆந்தை என்று ஏமாற்றும் மூன்று பறவைகளையும் இங்கேயே கழித்துவிடுங்கள். இரவில் பூச்சி பிடிக்கும் பக்கி என்ற பறவையின் இறகும் மென்மையானது, கோலமும் ஆந்தைபோலவே. ஆனால் அதன் முதன்மை இறகு குறுகி நீண்டு கூர்மையாக முடியும், ஆந்தையினுடையது அகன்று வட்டமாக முடியும். பல பக்கி இனங்களில் இறகின் நடுவே ஒரு பெரிய வெள்ளைத் திட்டும் இருக்கும். பெண் குயிலின் பழுப்பும் வெள்ளைப் புள்ளியும் புள்ளி ஆந்தையை நினைவூட்டும். மேற்பரப்பின் மினுமினுப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோழியினப் பறவைகளின் உடல் இறகைத் திருப்பிப் பார்த்தால், காம்பும் தண்டும் சேரும் இடத்தில் இரண்டாவதாக ஒரு குட்டித் தூவி இறகு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆந்தையில் அது இல்லை, அல்லது பெயருக்கு இருக்கும்.

4. உடலில் எந்த இடத்து இறகு?

இதைத் தீர்மானிக்காமல் அளவுக்கும் கோலத்துக்கும் போனால் ஒரு பறவையின் வால் இறகை இன்னொன்றின் சிறகு இறகோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் மேல், கீழ் எது என்று பாருங்கள். தண்டின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடும், மேல்பக்கம் உருண்டு வழுவழுப்பாக இருக்கும். இறகு உட்குழிந்து வளையும் பக்கமே அடிப்பக்கம்.

தண்டு ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு பக்கம் மிகக் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால் முதன்மை இறகு. ஆந்தைகளுக்கு ஒரு சிறகில் இவை பத்து. குறுகிய பக்கம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு வெளிக்கோடிக்கு அருகில் இருந்தது. சில இறகுகளில் நுனிப்பக்கம் திடீரென்று ஒடுங்கும். பறவை சிறகை விரிக்கும்போது விரல்கள்போலப் பிரிந்து நிற்பவை அவை. எத்தனை இறகுகளில் இந்த ஒடுக்கம் உண்டு என்பது இனத்துக்கு இனம் மாறும், ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்.

சற்றுக் குட்டையாகி, முழுதும் ஒரே வளைவாக வளைந்து, நுனி மழுங்கியிருந்தால் இரண்டாம்நிலை இறகு. தண்டு நேராக ஓடி, இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் வால் இறகு. பெரும்பாலான ஆந்தைகளுக்கு வாலில் பன்னிரண்டு. நடு இரண்டும் சமச்சீர், ஓரத்துக்குப் போகப் போகத் தண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். ஓர வால் இறகை முதன்மை இறகு என்று எண்ணுவது மிகப் பொதுவான தவறு. முதன்மை இறகின் காம்பு தடித்து நீண்டு உறுதியாக இருக்கும், வால் இறகின் காம்பு குட்டை.

இடச்சிறகா வலச்சிறகா என்பதற்கு எளிய வழி: மேற்பரப்பு மேலே தெரிய, நுனி உங்களை நோக்கி இருக்கும்படி வையுங்கள். குறுகிய பக்கம் உங்கள் இடப்பக்கம் வந்தால் இடச்சிறகு. பறவையும் நீங்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. இது இனத்தைச் சொல்லாது. ஆனால் கூட்டமாகக் கிடைத்த இறகுகளில் ஒரே இடத்து இடச்சிறகு இறகு இரண்டு இருந்தால், அங்கே இரண்டு பறவைகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

5. அளவு

காம்பின் அடி முதல் இறகின் நுனி வரை, வளைவை லேசாக அழுத்தி நேராக்கி அளங்கள். அகலத்தை அதிகமாக உள்ள இடத்தில் எடுங்கள். நுனி தேய்ந்தோ காம்பு முறிந்தோ இருந்தால் அதையும் எழுதிவையுங்கள், ஏனென்றால் அப்போது உங்கள் எண் உண்மையைவிடக் குறைவு.

பறவைக் கையேடுகளில் உள்ள ‘சிறகு நீளம்’ என்ற எண்ணோடு உங்கள் இறகின் நீளத்தை நேராக ஒப்பிடாதீர்கள். அந்த எண் மடங்கிய சிறகின் மணிக்கட்டிலிருந்து நுனிவரை எடுத்தது, கை எலும்பின் நீளமும் அதில் சேர்ந்தது. இறகு எப்போதும் அதைவிடக் குட்டை. இது தெரியாமல் கூகையின் இறகை அதைவிடச் சிறிய ஏதோ ஓர் ஆந்தையுடையது என்று எழுதியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோராயமான எல்லைகள் இவை. புள்ளி ஆந்தை அளவுள்ள சிறு ஆந்தைகளில் மிக நீண்ட முதன்மை இறகும் 15 செ.மீ.க்குள் நின்றுவிடும். கூகை போன்ற நடுத்தர ஆந்தைகளில் அது 20 முதல் 25 செ.மீ. கொம்பன் ஆந்தை, பெரிய மீன்பிடி ஆந்தைகளில் 28 செ.மீ.ஐத் தாண்டும். இவை நீண்ட இறகுகளுக்கு மட்டும் பொருந்தும். 14 செ.மீ. உள்ள இரண்டாம்நிலை இறகு சிறு ஆந்தையுடையதாக இருக்காது, நடுத்தர ஆந்தையுடையது. நான்காம் படியை முதலில் முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. கோலமும் நிறமும்

இப்போது நிறத்தைப் பார்க்கலாம். எத்தனை பட்டைகள், அவை தண்டின் இரு பக்கமும் தொடர்கின்றனவா, ஓரம் தெளிவா மங்கலா, பட்டைகளுக்கு இடையே நுண்புள்ளித் தூவல் உண்டா, அடிப்பக்கத்தின் நிறம் என்ன: இந்த ஐந்தையும் எழுதிய பிறகே பெயரை நினைக்க வேண்டும். பெயர் முதலில் மனத்தில் விழுந்துவிட்டால் கண் அதற்கேற்பவே பார்க்கும்.

கூகை: பொன்மஞ்சள் அடிநிறம், நுனியை ஒட்டிச் சாம்பல் நிறத் தூவல், இடைவெளி விட்ட சில கரும்பட்டைகள். உள்பக்கமும் அடிப்பக்கமும் ஏறக்குறைய வெண்மை. ஆந்தைகளில் எளிதாக அடையாளம் காணக்கூடியது இதுவே. உலகின் பல கண்டங்களில் கூகையோ அதன் நெருங்கிய உறவினங்களோ இருப்பதால் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

கொம்பன் ஆந்தைகள்: பெரிய அகன்ற இறகு, செம்மஞ்சள் கலந்த பழுப்பில் அடர் பட்டைகள், இடையில் அடர்த்தியான தூவல். இதே அளவும் ஏறக்குறைய இதே நிறமும் கொண்ட மீன்பிடி ஆந்தையோடு (பூமன் ஆந்தை) குழப்புவது இயல்பு. கோலத்தைப் பார்த்துப் பிரிக்க முயலாதீர்கள், மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். வெளிக்கோடி முதன்மை இறகில் சீப்பும் மேலே மென்மையும் இருந்தால் கொம்பன். விளிம்பு வழுவழுப்பாக, பரப்பு விறைப்பாக இருந்தால் மீன்பிடி ஆந்தை. கையில் உள்ளது இரண்டாம்நிலை இறகாக இருந்து மென்மையும் ஐயமாக இருந்தால், இரண்டில் ஒன்று என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

மரப்பொந்துகளில் வாழும் நடுத்தர அளவுக் காட்டு ஆந்தைகளில் பட்டைகள் இரு பக்கமும் ஓடும், ஓரங்கள் கலைந்து மங்கலாக இருக்கும். ஒரே இனத்திலேயே சாம்பல் வடிவமும் செம்பழுப்பு வடிவமும் உண்டு. நிறத்தை முதலில் பார்ப்பவர்கள் இந்தக் குழுவில்தான் அதிகம் சறுக்குவார்கள்.

நீள்காது ஆந்தைக்கும் குட்டைக்காது ஆந்தைக்கும் முதன்மை இறகின் அடிப்பகுதி இளமஞ்சள் அல்லது செம்மஞ்சள். நுனியைப் பாருங்கள். குட்டைக்காது ஆந்தையில் நுனி ஏறக்குறைய முழுக் கறுப்பு, பட்டைகள் குறைவு. நீள்காது ஆந்தையில் நுனிவரை பல குறுகிய பட்டைகள்.

சிறு ஆந்தைகளில் பொதுவான விதி: புள்ளி ஆந்தையிலும் அதன் நெருங்கிய உறவினங்களிலும் பழுப்பின்மேல் வெள்ளை, புள்ளிகளாக இருக்கும், ஓரத்தில் அரைவட்டமாக வெட்டுப்பட்டுத் தெரியும். காதுக்கொம்புள்ள சின்ன ஆந்தைகளில் இறகின் வெளிப்பக்க ஓரத்தில் வெளிர்நிறச் சதுரங்களும் கருநிறமும் மாறி மாறி வரும், உள்ளே மரப்பட்டை போன்ற நுண்கோலம். இந்தச் சின்ன ஆந்தைகளில் இனத்தை ஒற்றை இறகை வைத்து உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

வெயிலில் நாள்பட்ட இறகு வெளுத்து மஞ்சளாகும், பழைய இறகின் நுனித் தூவல் தேய்ந்து மறையும். தண்டுக்குக் குறுக்கே மெல்லிய கோடாக இழைகள் வலுவிழந்து தெரிந்தால் அது பட்டை இல்லை; இறகு வளரும்போது பறவைக்கு உணவுக் குறைவோ அழுத்தமோ ஏற்பட்ட தடம்.

புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். புதிய ஆந்தை இறகில் இளஞ்சிவப்பு ஒளிரும். போர்ஃபிரின் என்ற நிறமியின் வேலை அது. வெயில் பட்டால் நிறமி சிதைந்துவிடும், அதனால் ஒளிர்வு இறகின் வயதைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். பக்கியிலும் ஒளிரும் என்பதால் இனம் காண இதை நம்ப வேண்டாம். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

7. உடல் இறகு மட்டும் கிடைத்தால்

சிறியது, பஞ்சுபோன்றது, பெரும்பகுதி தூவி. நுனிக் கால்பங்கில் உள்ள கோலமே செய்தி. கூகையின் மார்பு இறகு வெண்மையாக, நுனியில் ஒரு சிறு கரும்புள்ளியோடு இருக்கும். கொம்பன் ஆந்தையின் மார்பு இறகில் தண்டை ஒட்டி ஒரு கருங்கோடும், குறுக்கே நுண்ணிய அலைக்கோடுகளும். மீன்பிடி ஆந்தையிலும் இதே அமைப்புத்தான், அதனால் இங்கே குழுவரை போய் நில்லுங்கள். வெள்ளை உடல் இறகைக் கண்டதும் பனி ஆந்தை என்று எழுதுபவர்கள், அந்தப் பறவை வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் கூடு கட்டுவது என்பதை முதலில் நினைத்துக்கொள்ளலாம்.

8. சூழலைச் சேர்ப்பது

இறகு தன் பங்கைச் சொல்லி முடித்த பிறகுதான் இடத்தைச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் பதிவான ஆந்தை இனங்களின் பட்டியலை எடுத்து, அளவாலும் கோலத்தாலும் பொருந்தாதவற்றை அடியுங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ மிஞ்சும்.

அப்போது முதல் படியில் எடுத்த படங்களைத் திறவுங்கள். பழைய கட்டடத்துக்குக் கீழே, கருத்துப் பளபளக்கும் உமிழ் உருண்டைகளோடு கிடந்தால் கூகையின் பக்கம் சாயலாம். நீர்நிலை ஓர மரத்தடியில் மீன் செதிலும் நண்டு ஓடும் கிடந்தால் மீன்பிடி ஆந்தை. இவை துணைச் சான்றுகள். இறகின் அமைப்போடு முரண்பட்டால் இறகையே நம்புங்கள், ஏனென்றால் காற்றும் இரைகௌவிகளும் இறகை இடம் மாற்றும்.

9. ஒப்பிடும் முறை

பறந்துகொண்டிருக்கும் பறவையின் படத்தோடு இறகை ஒப்பிடாதீர்கள். தனி இறகுகளை வரிசையாக அடுக்கி, அளவோடு காட்டும் தொகுப்புகள் இணையத்தில் இருக்கின்றன. ஃபெதர்பேஸ் பல நாட்டுப் பறவைகளுக்கு, அமெரிக்க மீன், வன உயிரினத் துறையின் ஃபெதர் அட்லஸ் வட அமெரிக்கப் பறவைகளுக்கு. இரண்டிலும் உங்கள் இறகு இருந்த அதே இடத்து இறகைத் தேடுங்கள்: வெளியிலிருந்து மூன்றாவது முதன்மை இறகு என்றால் மூன்றாவதையே.

உங்கள் படமும் ஒப்பிடும்படி இருக்க வேண்டும். மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, அளவுகோல் பக்கத்தில், நிழலில், மேலிருந்து நேராக. ஃபிளாஷ் போட்டால் மங்கல் பரப்பும் மினுங்கும். முன்விளிம்பை மட்டும் நெருக்கமாக இன்னொரு படம் எடுங்கள். நிபுணர்களிடம் அனுப்பும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான், பெரும்பாலும் அனுப்பாமல் விடுவதும் அதைத்தான்.

10. விடையை எழுதுவது

இனத்தின் பெயரை மட்டும் எழுதாமல், எதுவரை உறுதி என்பதையும் எழுதுங்கள். ‘கூகை, வலச்சிறகு, வெளிக்கோடி முதன்மை இறகு, 21 செ.மீ., சீப்பு தெளிவு, உறுதி’ என்பது ஒரு நல்ல பதிவு. ‘ஆந்தை, நடுத்தர அளவு, இரண்டாம்நிலை இறகு, இனம் தெரியவில்லை’ என்பதும் அதே அளவுக்கு நல்ல பதிவு. அதே இடத்தில் அடுத்த மாதம் இன்னொரு இறகு கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

வைத்திருக்க அனுமதி உள்ள இறகானால், தேதி, இடம் எழுதிய காகித உறையில் போட்டு, அதை இறுக மூடிய பைக்குள் வைத்துச் சில நாட்கள் உறையவிட்டால் பேன், சிற்றுண்ணி சாகும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பையைத் திறங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். காம்பை வெட்டவோ கிளறவோ வேண்டாம். தண்டும் காம்பும் சேரும் இடத்தில் உலர்ந்த இரத்தத் துணுக்கு ஒன்று இருக்கும். பின்னாளில் மரபணுச் சோதனை தேவைப்பட்டால் ஆய்வகம் அதைத்தான் தேடும்.